முள்வேலி மரங்களை இனங்காண்போம், வளர்ப்போம்

நெடுங்காலம் பூட்டிக் கிடந்த காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் கிணற்றை இறைக்கிறது. பின் கொட்டில் போடுகிறது. அதன்பின் கடன்பட்டாவது விதை வாங்கி மண்ணில் போடுகிறது. வேலி மட்டும் ‘பிறகு பார்ப்போம்’ என்று பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் கட்டாக்காலி மாடுகள் வந்து ஒரே இரவில் மிளகாய்க் கன்றையும் பயிற்றங்கொடியையும் முடித்துவிடுகின்றன. எமது கருத்துப்படி கிணற்றுக்கு அடுத்த வேலை வேலிதான். வேலி இல்லாத தோட்டத்துக்கு இடும் பசளை மாட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

முட்கம்பி கிடைத்தவர்கள் அதை அடித்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பியில் குறையில்லை. ஆனால் அதைத் தாங்கும் காய்ந்த கட்டையைக் கறையான் சில ஆண்டுகளில் தின்றுவிடும். கட்டை சாய்ந்தால் கம்பியும் சாயும். உயிருள்ள மரம் ஆண்டுக்கு ஆண்டு பலக்கும். அத்துடன் குழையும் விறகும் ஆட்டுக்குத் தீனும் சில வேளை பழமும் தரும். குளிர் மிகுந்த இங்கிலாந்தில் ஹோதோர்ன் என்னும் முள்மரத்தை நெருக்கி நட்டு வயல்களுக்கு வேலியாக்கினார்கள். சிவந்த சிறு பழம் காய்க்கும் மரம் அது. எமது வறண்ட வலயத்தில் அதே வேலையைச் செய்யக்கூடியது இலந்தை. அதற்குத் துணையாகக் கிளுவை. இந்தப் பாடத்தில் இவ்விரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் பார்ப்போம்.

எல்லை எங்கே?

மரம் நடுமுன் எல்லையை அறிய வேண்டும். ஓலை வேலி பத்தாண்டில் சுவடில்லாமல் போய்விடும். ஆனால் பூவரசும் கிளுவையும் அவ்வளவு இலகுவில் சாவதில்லை. பற்றைக்குள் ஒரே நேர்கோட்டில் மூன்று நான்கு பழைய அடிக்கட்டைகள் துளிர்விட்டு நின்றால் அது பெரும்பாலும் பழைய வேலியாகவே இருக்கும். காட்டில் தானாக முளைத்த மரம் கயிறு பிடித்ததுபோல் வரிசையாக நிற்பதில்லை. பனைகள் வரிசையாக நின்றாலும் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் எல்லையோரமாகவே பனங்கொட்டை போட்டிருக்கிறார்கள்.

இந்த அடையாளங்களை உறுதியில் எழுதியுள்ள நான்கு எல்லைகளுடனும் வரைபடம் இருந்தால் அதனுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். அயலவரையும் கிராம அலுவலரையும் வைத்துக்கொண்டு கயிறு பிடியுங்கள். பிணக்கு இருந்தால் நில அளவையாளர் வரும்வரை கோட்டின் மேல் நட வேண்டாம். உங்கள் பக்கமாக ஒன்றிரண்டு அடி உள்ளே நடுங்கள். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளி நடும் பழக்கத்தால் எத்தனை சகோதரர்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை எமது பெரியவர்கள் சொல்வார்கள். அயலவர் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அவருடைய அடிக்கட்டைகளைப் பிடுங்காதீர்கள். அவர் திரும்பி வரும் நாளில் அவருக்கும் அவைதான் சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் நடந்த இடங்களில் பழைய வேலிக்கரைகளும் மண் அணைகளும் மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களாக இருந்திருக்கின்றன. வெடிகள் அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணியில் பற்றை வெட்டவோ குழி தோண்டவோ தீ மூட்டவோ வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இலந்தையை இனங்காணல்

இலந்தையைத் தெரியாதவர் எம்மில் இல்லை என்று நினைப்போம். ஆனால் பழமில்லாத காலத்தில் கன்றைக் காட்டிக் கேட்டால் பலர் சூரையை இலந்தை என்பார்கள். இலந்தை இலை நீள்வட்டமானது. அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். மேற்பக்கம் பளபளத்த பச்சை, இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெண்மையான மென்மயிருடன் துணிபோல் இருக்கும். இந்த வெள்ளை அடிப்பக்கமே முதல் அடையாளம். இலைக்காம்பின் அடியில் முள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். ஒன்று நேராகவும் மற்றது கொக்கிபோல் வளைந்தும் இருக்கும். நேர்முள் குத்தும், வளைமுள் பிடித்துக்கொள்ளும். மாடு தலையை நுழைத்தாலும் பின்வாங்குவது இதனால்தான்.

சூரையும் இதே குடும்பம். ஆனால் அது கொடிபோல் மற்ற மரங்களின்மேல் ஏறிப் படரும். முள் பெரும்பாலும் ஒற்றையாகவும் வளைந்தும் இருக்கும். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கறுத்து மினுங்கும். சூரை அலம்பல் வெட்டி அடைக்க மிக நல்லது. ஆனால் அதை வரிசையாக நட்டு வேலியாக்க முயன்றால் தோட்டத்துக்குள் படர்ந்து வேலை தரும்.

இலந்தையின் ஆணிவேர் கன்று சிறிதாக இருக்கும்போதே ஆழமாக இறங்கிவிடும். அதனால் கோடையில் நீர் ஊற்றாமலும் தாங்குகிறது, ஓரளவு உவர் மண்ணையும் பொறுக்கிறது. அதே காரணத்தால் பற்றைக்குள் நிற்கும் கன்றைப் பிடுங்கி வந்து நட்டால் பெரும்பாலும் பட்டுவிடும். பிடுங்கும்போது வேர் அறுந்துவிடுகிறது. ஆகவே விதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

விதை எடுத்தலும் முளைக்க வைத்தலும்

மாரி முடியும் தறுவாயில் பழம் விழும் மரங்களைப் பார்த்து வையுங்கள். நிறையக் காய்க்கும், நன்றாக முள் உள்ள மரத்தின் முற்றிய பழத்தை எடுங்கள். சதையைக் கழுவி நீக்கிக் கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான பையில் எலி எட்டாத இடத்தில் கட்டித் தொங்க விடலாம். விதைக்குமுன் உப்புக் கரைசலில் போட்டு மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலும் பருப்பு இராது. தாழ்ந்தவற்றை நல்ல நீரில் கழுவி எடுக்க வேண்டும். உப்பு ஒட்டியிருக்கக் கூடாது.

கொட்டையை அப்படியே மண்ணில் போட்டால் முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் எடுக்கலாம், அதுவும் ஒன்றுபோல் முளைக்காது. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்துப் போட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளை காணும். கொட்டையைக் கருங்கல்லின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். முதல் பத்துக் கொட்டை நசுங்கும், பிறகு கை பழகிவிடும். உள்ளே தட்டையான கபில நிறப் பருப்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் இதைப் போட்டிபோட்டுச் செய்வார்கள். ஆனால் விரலைக் காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். உடைக்க வசதியில்லாதவர்கள் கொட்டையை இரண்டு நாள் நீரில் ஊறவிட்டு விதைக்கலாம். கூடுதலாகப் போட்டால் போதும்.

பொலித்தீன் பையில் நாற்று வைப்பதாயின் குட்டையான பை உதவாது. பத்து அங்குலத்துக்குக் குறையாத நீளம் வேண்டும். அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, மேல்மண்ணும் மணலும் உக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குக் கன்று நடப் பதமாக இருக்கும். அதற்கு முந்தி விதைத்து நெடுநாள் பையில் வைத்திருந்தால் ஆணிவேர் பைக்குள் சுருண்டுவிடும். சுருண்ட வேர் பிறகு நேராவதில்லை. வாரம் ஒருமுறை பையைத் தூக்கி வையுங்கள், வேர் நிலத்துக்குள் இறங்காது.

பையும் தண்ணீரும் இல்லாதவர்கள் மழை தொடங்கியதும் வேலிக் கோட்டிலேயே நேரே விதைப்பது நல்லது. எமக்கு அதிகம் பிடித்ததும் இதுதான். வேர் தடையின்றி இறங்கும், செலவும் இல்லை.

கிளுவைக் கதியால்

கிளுவை யாழ்ப்பாணத்து வேலிகளின் பழைய தோழன். இலை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் நல்ல மணம் வீசும். பட்டையின் மேற்படை மெல்லிய கடதாசிபோல் உரியும், அதன்கீழ் பச்சை நிறம் தெரியும். கோடையில் இலையை முழுவதும் உதிர்த்துவிட்டுப் பட்டதுபோல் நிற்கும். செத்துவிட்டது என்று வெட்டி எறிந்துவிட வேண்டாம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. முள்ளில்லாத கிளுவையும் உண்டு, கிளை நுனிகள் கூரிய முள்ளாக முடியும் முட்கிளுவையும் உண்டு. ஆடு மாட்டைத் தடுக்க முட்கிளுவையே சிறந்தது.

கதியால் வெட்ட ஏற்ற காலம் மரம் இலையின்றி நிற்கும் கோடைக் கடைசி. புரட்டாதியில் மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கிளையை ஆறு, ஏழு அடி நீளத்தில் தறியுங்கள். பச்சைத் தண்டு உதவாது, அழுகிவிடும். அடிப்பக்கத்தைச் சரிவாக ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். தோல் கிழிந்தால் அந்த இடத்தில் வேர் வராது. வெட்டியவுடன் நடாமல் சில நாள் நிழலில் நிறுத்தி வைத்தால் வெட்டு வாய் காய்ந்து ஆறும். மேல்நுனியில் சாணத்தை அப்பிவிட்டால் தண்டு உலர்ந்து போகாது. அலவாங்கால் குழி குத்தி ஒன்றரை அடி ஆழத்தில் நட்டுச் சுற்றிவர இறுக்குங்கள். கதியாலைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். தலை பிளந்தால் மழைநீர் இறங்கி உக்கிவிடும். நுனி மேலும் அடி கீழுமாக மாறி நட்டுவிடவும் வேண்டாம். ஒரு கட்டு வெட்டியதும் அடிப்பக்கத்தில் கரியால் குறியிட்டு வைத்தால் குழப்பமில்லை.

நட்ட முதலாண்டில் முட்கம்பியை அதில் இழுத்துக் கட்ட வேண்டாம். அசைந்தால் புது வேர் அறுந்துவிடும். நீர் தேங்கும் பள்ளத்தில் கிளுவை அழுகும். அவ்வாறான இடத்துக்கும் கடற்கரை உவர் நிலத்துக்கும் பூவரசு பொருந்தும். சீமைக்கிளுவை, அதாவது கிளிசரியா, மிக விரைவாக வளரும். காற்றிலுள்ள நைதரசனை வேரில் சேர்க்கும், அதன் குழை வயலுக்கு நல்ல பசளை. ஆனால் முள் இல்லை. அதைத் தனியே நட்டு வேலி என்று நம்பியிருக்க முடியாது.

எத்தனை வேண்டும்?

நான்கு பரப்புக் காணி, அதாவது கால் ஏக்கர், சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 அடி, சுற்றளவு 417 அடி. மூன்று அடிக்கு ஒரு கதியாலாக நட்டால் சுமார் 140 கதியால் தேவை. ஒவ்வொரு இரண்டு கதியாலுக்கும் நடுவில், ஓரடி இடைவெளியில், இரண்டு இடத்தில் இலந்தை. இப்படிச் சுமார் 280 இடங்கள், இடத்துக்கு இரண்டு கொட்டையாக 560 கொட்டை. கதியால் நிமிர்ந்து தாங்கும், இலந்தை இடைவெளியை அடைக்கும். இரண்டையும் கலந்து நடும்படி நாம் சொல்வது இதனால்தான்.

140 கதியாலை ஒரே ஆண்டில் தேடுவது சிரமம் என்பதை அறிவோம். மாடு வரும் பக்கத்தையும் தெருப் பக்கத்தையும் முதலாண்டில் முடியுங்கள். மற்றப் பக்கங்களைக் கருக்குமட்டையாலோ அலம்பலாலோ இப்போதைக்கு அடைத்து வையுங்கள். நட்ட கதியால் இரண்டு மூன்று ஆண்டில் தரும் கிளை, எஞ்சிய பக்கங்களுக்குப் போதும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்து ஒருவர் வேலியை மற்றவர் அடைத்துக் கொடுத்தால் வேலையும் குறையும், எல்லைப் பிணக்கும் குறையும்.

மற்ற முள்மரங்கள்

கொடுக்காய்ப்புளி நல்ல வேலி மரம். ஒவ்வொரு காம்பிலும் நான்கு சிற்றிலைகள், அடியில் சோடி முள், சுருண்ட காயில் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சதை. விதை இலகுவில் முளைக்கும். நெருக்கி விதைத்து அடிக்கடி கத்தரிக்க வேண்டும், விட்டால் பெருமரமாகிவிடும். விளாத்தியும் முள்ளுள்ளது, ஆனால் வளர நாள் எடுக்கும். மூலையில் ஒன்று நின்றால் போதும். மன்னார்ப் பக்கத்தில் குடை விரித்ததுபோல் நிற்கும் உடைமரத்தின் அலம்பல் இளங்கன்றுகளுக்குக் காவலிட மிக ஏற்றது. கள்ளி நடுவோர் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதை மறக்கக் கூடாது. நாயுண்ணியை வேலிக்கு விடவே வேண்டாம், அதன் இலை மாட்டுக்கு நஞ்சு.

ஒரு மரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறோம். தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்றும் வேலிகாத்தான் என்றும் அழைக்கப்படும் மரம் அது. நேரான சோடி முள்ளும், மிகச் சிறிய சிற்றிலைகளும், முற்றினால் மஞ்சளாகும் நீண்ட காயும் உடையது. வேகமாக வளர்வதைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். மாடு காயைத் தின்று சாணத்துடன் விதையை ஊரெங்கும் பரப்பும். அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பூந்தல தேசிய பூங்காவில் இது பரவி இயற்கையான புல்வெளியையும் பற்றைக்காட்டையும் விழுங்கியிருக்கிறது. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தளைக்கும். கன்றாக இருக்கும்போதே வேருடன் கிண்டி எடுத்துவிடுங்கள்.

கத்தரித்தலும் பராமரிப்பும்

நல்ல முள்வேலி கத்தியால்தான் உருவாகிறது. இலந்தைக் கன்று முழங்கால் உயரம் வந்ததும் ஓரடி விட்டு நுனியை வெட்டுங்கள். பலருக்கு இதைச் செய்ய மனம் வராது. ஆனால் வெட்டாத கன்று மேலே மட்டும் ஓடி, அடியில் ஆட்டுக்குட்டி நுழையும் பொட்டு விழுந்துவிடும். வெட்டிய கன்று அடியிலேயே நான்கைந்து கிளை விடும். அவை இரண்டடி வந்ததும் மீண்டும் வெட்டுங்கள். இவ்வாறு படிப்படியாக ஐந்தடி உயரத்தில் நிறுத்தினால் போதும். அடி அகலமாகவும் மேல் ஒடுங்கியும் இருக்கும்படி கத்தரித்தால் கீழ்க்கிளைக்கு வெளிச்சம் படும். உயரமாக விட்டால் உங்கள் வெங்காயத்துக்கும் அயலவரின் மிளகாய்க்கும் நிழல் விழும்.

முதல் இரண்டு ஆண்டும் ஆடுதான் பெரிய எதிரி. இலந்தைக் குழை ஆட்டுக்கு மிகப் பிடித்தமானது. வரிசையின் வெளிப்பக்கமாக அலம்பல் போட்டுக் காக்க வேண்டும். அடியில் புல் மண்ட விடாதீர்கள். கன்றும் நெருக்குண்டு போகும், பாம்பும் தங்கும். யானை வரும் ஊர்களில் இந்த வேலி யானையை மறிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம், அதற்கு இது போதாது.

பழத்துக்காக இருபது அடிக்கு ஒன்றாகச் சில இலந்தைகளைக் கத்தரிக்காமல் மரமாக விடலாம். இலந்தை புதிதாக வந்த கிளையில்தான் காய்க்கும். ஆகவே பழம் முடிந்தபின் கோடையில் கிளைகளை ஆண்டுதோறும் நன்றாகக் குறைத்துவிட வேண்டும். பழத்துக்குள் புழு வைப்பது ஒருவகைப் பழ ஈ. விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தால் அடுத்த பருவத்தில் குறையும். இலந்தைப் பழத்தில் உயிர்ச்சத்து சி தோடம்பழத்தைவிடக் கூடுதலாகவே உண்டு. மரக்கறியும் பழமும் வாங்கப் பணமில்லாத வீட்டில் பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதைத் தடுக்க வேண்டாம்.

கத்தரித்த முள்ளை ஒழுங்கையில் விடாதீர்கள். சைக்கிள் ரியூப்பும் பிள்ளைகளின் காலும்தான் பாடுபடும். முள் ஆழமாகக் குத்தினால் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்று வைத்தியசாலையில் கேளுங்கள்.

சொந்தக் காணி இல்லாதோருக்கு

இன்னும் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருக்கும் குடும்பங்கள் எமது வாசகர்களில் உண்டு. மற்றவர் காணியில் மரம் வைத்து என்ன பயன் என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அவ்வாறானோர் இலந்தை நட வேண்டாம், அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. காணிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளுவைக் கதியாலை வேலியோரமாக நட்டு வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாள் வரும்போது கிளைகளை வெட்டி எடுத்துச் செல்லலாம், அடிமரம் அவருக்கு வேலியாக நிற்கும். இலந்தைக் கொட்டையை மட்டும் உலர்த்திப் பையில் சேர்த்து வையுங்கள். போகும் காலம் கோடைக் கடைசியாக அமைந்தால் நல்லது. வெட்டிய கதியாலை நிழலில் நிறுத்தி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். லொறியில் ஏற்றும்போது தோல் உரியாதபடி ஓலையால் சுற்றிக் கட்டி, பாரமான சாமான்களை அதன்மேல் அடுக்காமல் பாருங்கள்.